காப்பீட்டு அட்டையா, மாத்திரை அட்டையா?

5 ஜனவரி 2025, மாலை (ஒரு வாசகரின் கேள்வி)

நாட்டில் எல்லாருக்கும் மருத்துவம் கட்டுப்படியாக வேண்டும் என்றால் எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் குடும்பத்துக்கு ஒரு காப்பீட்டு அட்டை, 5 லட்சமோ 10 லட்சமோ. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம், பணத்தை அரசு கட்டிவிடும். அதை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையம், மருந்துக் கொள்முதல், டாக்டர் நியமனம் என்று அரசு ஏன் தனித்தனியாகச் சுமக்க வேண்டும்?

5 ஜனவரி, இரவு 10.40

எனக்கு உடன்பாடு இல்லை. மருந்துக் கடையில் 16 வருடம் நின்றவன் நான். ஆபரேஷன் செலவுக்குத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தினம் தினம் பார்த்தது வேறு. டாக்டர் 30 நாளைக்கு எழுதிய சீட்டை நீட்டிவிட்டு, "பத்து நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே, மீதிய சம்பளம் வந்ததும் வாங்கிக்கிறேன்" என்பார்கள். மீதியை வாங்க வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இதற்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் பணம் தராது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமானாலும் சரி, 2018 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் ஆனாலும் சரி, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பெரும்பாலும் அட்டைக்கு வேலை. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா என்று வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்கள் படுக்க வேண்டியதில்லை. படுக்காமல் இருப்பதற்காகத்தானே அந்த மாத்திரையே.

அப்பாவுக்கு 2011-இல் சர்க்கரை கண்டுபிடித்தார்கள். அவர் செலவுக் கணக்கை ஒரு கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார். நேற்று அதை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 11 வருடத்தில் 1,84,000 ரூபாய் சொச்சம். காப்பீட்டு அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதை ஒரே ஒரு முறைதான் வெளியே எடுத்தோம்.

6 ஜனவரி, காலை

"இலவசமாகக் கொடுக்கிற அரசு ஆஸ்பத்திரி இருக்கும்போது உங்கள் அப்பா ஏன் காசு கொடுத்து வாங்கினார்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்வி. அவருக்கு அது கடைசி வரை தர்மாஸ்பத்திரிதான். சும்மா கொடுக்கிற மாத்திரை சும்மாதான் இருக்கும் என்று நம்பினார். அதே மூலக்கூறு, அதே அளவு என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வேலை பார்த்த கடையிலிருந்து எனக்குக் கிடைக்கிற தள்ளுபடியில் வாங்கிப் போய்க் கொடுத்தேன், அதையே பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

7 ஜனவரி

ஒரு திருத்தம். அந்த 1,84,000-இல் டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, பஸ் காசு எல்லாம் கலந்திருக்கிறது. மாத்திரையை மட்டும் தனியாகப் பிரித்தால் 1,31,000 வருகிறது. பஸ் காசு மட்டும் 9,000-க்கு மேல். அவசரத்தில் கூட்டிப் போட்டுவிட்டேன்.

8 ஜனவரி, இரவு

"அரசு மாத்திரை தரமானது என்று எப்படிச் சொல்கிறீர்கள், நீங்களும் விற்றவர்தானே" என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். இந்த நாட்டில் உருப்படியாக நடந்த காரியம் இது. பக்கத்தில் இருக்கிற நமக்கே சரியாகத் தெரியவில்லை.

தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994-இல் தொடங்கியது. அதற்கு முன்னால் அரசு மருந்துக் கொள்முதல் என்றால் ஊழல் என்று அர்த்தம், ஆஸ்பத்திரியில் சீட்டைக் கொடுத்தால் "வெளியே வாங்கிக்கோ" என்பதுதான் பதில். ஆர். பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு இந்தக் கழகத்தை உருவாக்கியதில் பெரிய பங்கு உண்டு. அவர்கள் செய்தது இதுதான்: பிராண்டு பெயரை விட்டுவிட்டு மருந்தின் மூலப் பெயரில் பட்டியல் போட்டார்கள். மாநிலம் முழுக்கத் தேவையானதை ஒரே டெண்டரில் கேட்டார்கள். அதிலும் இரண்டு கவர்: கம்பெனியின் தகுதி ஒன்றில், விலை இன்னொன்றில், தகுதியில் தேறினால்தான் விலைக் கவரையே பிரிப்பார்கள். இத்தனை கோடி மாத்திரை வேண்டும் என்று ஒரே இடத்திலிருந்து கேட்டால் விலை தானாக இறங்கும். தீபாவளிக்குத் தெரு முழுக்கச் சேர்ந்து மொத்தமாகப் பட்டாசு வாங்குகிற மாதிரிதான், அளவுதான் பெரிது.

வந்த சரக்கு மாவட்டக் கிடங்குக்குப் போகும். ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் கிடங்கை விட்டு வெளியே போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக், அதில் வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று இருக்கும், எடுக்க எடுக்கக் கழியும். மலைக் கிராமத்து டாக்டருக்குத் தன் ஊரில் எது ஓடுகிறதோ அதை எடுக்க வழி இருந்தது, சென்னையிலிருந்து யாரோ எதையோ தள்ளிவிடவில்லை.

அந்த மாத்திரை அட்டையின் பின்புறம் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அச்சடித்திருக்கும். அது நோயாளியை அவமானப்படுத்தப் போட்டது என்று என்னிடம் ஒரு அம்மா சொல்லியிருக்கிறார். இல்லைம்மா, எங்களை மாதிரிக் கடைக்காரர்கள் கைக்கு அது வந்துவிடக் கூடாது என்று போட்டது.

என் கடையில் விற்ற மாத்திரைக்கு இப்படி ஒவ்வொரு பேட்ச்சும் சோதித்து நான் பார்த்ததே இல்லை. கம்பெனிப் பெயரை நம்பி விற்றோம், கம்பெனிப் பெயரை நம்பி வாங்கினார்கள்.

இதே யோசனை பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. இலங்கையில் சேனக பிபிலே என்ற பேராசிரியர், 1971-இல் அமைந்த அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர், ஆயிரக்கணக்கான பிராண்டுகளை விலக்கித் தேவையான மருந்துகளை மட்டும் பட்டியலிட்டு மூலப் பெயரில் உலகச் சந்தையில் டெண்டர் விட்டவர். சின்ன நாடு, காசும் கிடையாது, அதனால்தான் யோசித்தார்கள்.

9 ஜனவரி

இலங்கையைச் சொன்னதும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருக்கிறார்: "அண்ணை, 2022-இல எங்கட ஆஸ்பத்திரியில பஞ்சும் மருந்தும் இல்லாமல் ஒப்பரேசன் தள்ளிப் போட்டவை. இலவசம் எண்டு எழுதி வைச்சால் காணாது, டொலர் வேணும்." அவர் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். மருந்தை வெளியிலிருந்து வாங்குகிற நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்தால் எவ்வளவு நல்ல கொள்முதல் முறையும் படுத்துவிடும். அந்த வருடம் இங்கிருந்து அரிசி, பால் பவுடரோடு 137 வகை மருந்தும் அனுப்புவதாகச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். அவ்வளவு வகையை அவசரத்துக்குத் திரட்ட முடிந்ததென்றால் கிடங்குகள் இருந்ததால்தான்.

10 ஜனவரி

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர் கண்டித்திருக்கிறார்: "எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரி எழுதாதீர்கள், மாசக் கடைசியில் எங்களிடம் சில மாத்திரை தீர்ந்துபோகும், முப்பது நாளைக்குப் பதில் பதினைந்து நாளைக்குக் கொடுத்து அனுப்புவோம், திட்டு வாங்குவது நாங்கள்." உண்மை. பதினைந்து நாளைக்கு வாங்கியவர் மறுபடி வர வேண்டும், மறுபடி ஒரு நாள் கூலி போகும். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

12 ஜனவரி

ஐந்தாம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். காப்பீட்டை ரொம்பவே தூக்கிப் போட்டுப் பேசிவிட்டேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை. பிறவியிலேயே காது கேட்காது. தட்டு விழுந்தால் திரும்பாது, பட்டாசுக்கு அழாது. இரண்டே முக்கால் வயதில் முதலமைச்சர் காப்பீட்டில் காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன் நடந்தது. வெளியே செய்தால் லட்சக்கணக்கில் ஆகும், அவள் அப்பா மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஆபரேஷனுக்குப் பிறகும் பல மாதம் பேச்சுப் பயிற்சி. ஒரு நாள் சாயங்காலம் அவள் அம்மா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து "மா" என்று கூப்பிட்டாள். அந்த அம்மா துணியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன்.

அதற்கு மாத்திரை கவுன்டர் பதில் கிடையாது. அட்டைதான் பதில். ஆக இரண்டும் வேண்டும், இதில் பின்வாங்குகிறேன். எது முதலில் என்பதில்தான் இன்னும் என் பழைய பேச்சு: மாத்திரைதான் முதலில்.

இன்னொன்று. அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. மாதம் 14,000 வாங்குகிற மில் தொழிலாளிக்கு அட்டை இல்லை, தனியார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டவும் முடியாது. இந்த நடுவில் நிற்கிற கூட்டம்தான் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போகிறது. போன அக்டோபரில் 70 வயது தாண்டிய எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மானை நீட்டினார்கள், அது நல்ல திசை. 45 வயதில் மாரடைப்பு வந்தால்?

13 ஜனவரி, போகி

கடையில் வேலை பார்த்த காலத்தில் போகிக்கு முதல் நாள் காலாவதியான மருந்தையெல்லாம் பெட்டியில் கட்டுவோம். ஏஜென்சிக்குத் திரும்பிப் போகும். ஒரு பக்கம் பெட்டி பெட்டியாகக் காலாவதி ஆகிக்கொண்டிருக்கும், மறுபக்கம் பத்து நாளைக்கு வெட்டிக் கொடு என்பார்கள். அன்றைக்கு அது வியாபாரம் என்று பட்டது. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

16 ஜனவரி

மருந்து விலையைத்தான் அரசு கட்டுப்படுத்துகிறதே, அது போதாதா என்று கேட்டவருக்கு.

2013-இல் வந்த மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துக்கு உச்ச விலை எப்படி வருகிறது தெரியுமா? சந்தையில் குறைந்தது 1 சதவீதம் பங்கு வைத்திருக்கும் பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். தயாரிக்க எவ்வளவு ஆகிறது என்பது கணக்கிலேயே வராது. அதற்கு முன்னால் 1995 ஆணையில் தயாரிப்புச் செலவுதான் அடிப்படை. எல்லாரும் அதிக விலை வைத்திருந்தால் சராசரியும் அதிகமாகத்தானே இருக்கும்.

கடைக்குள்ளே இருந்து ஒன்று சொல்கிறேன். ஜெனரிக் (கண்டுபிடித்த கம்பெனி இல்லாமல் மற்றவர்கள் அதே மூலக்கூறில் செய்யும் மருந்து) என்று எங்களுக்கு வரும் சில மாத்திரை அட்டைகளில் அச்சடித்த விலை 38 ரூபாய் இருக்கும், கடைக்கு வந்த விலை நாலு ரூபாய் சில்லறை. மலிவான சரக்கில்தான் கடைக்கு லாபம் அதிகம். நோயாளிக்கு மலிவு போய்ச் சேராது. பத்து சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைத்தால் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். நானும் விற்றிருக்கிறேன்.

இதய ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) கதையும் உண்டு. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600, சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 என்று உச்ச விலை வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு லட்சத்துக்கு மேல் போனது. அதே வருடம் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தோம். பில்லைக் கையில் வாங்கி வரி வரியாகப் படித்தேன். ஸ்டென்ட் விலை சட்டப்படி சரியாக இருந்தது. அதற்குக் கீழே 'இதர பொருட்கள்' என்று ஒரே வரி, 46,000. என்னென்ன பொருள் என்று கேட்டேன். பஞ்சு, கையுறை, குழாய் என்றார் கவுன்டரில் இருந்த பெண். எத்தனை என்று கேட்டேன். அதற்குள் சித்தி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார், உள்ளே ஆள் படுத்திருக்கும்போது சண்டை வேண்டாம் என்று. ஒரு சாமானின் விலையை அமுக்கினால் வேறொரு இடத்தில் பிதுங்குகிறது. முழுச் சிகிச்சைக்கும் இவ்வளவு என்று வைத்தால்தான் பில்லுக்குக் கடிவாளம். காப்பீட்டுத் திட்டத்தில் அப்படித்தான், ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை. இதிலும் அட்டைக்கு ஒரு பாயிண்ட் விட்டுக்கொடுக்கிறேன்.

19 ஜனவரி

நர்ஸ் அக்கா கிளப்பிய விஷயம்: கூலி.

எங்கள் ஊர் (திண்டுக்கல் பக்கம்) ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. (படுக்காமல் பார்த்துவிட்டுப் போகும் புறநோயாளி பிரிவு) காலையில். சீட்டுப் போட வரிசை, டாக்டரைப் பார்க்க வரிசை, மாத்திரைக்கு வரிசை. கூட்டம் குறைவு என்றாலும் பதினோரு மணி ஆகிவிடும். மில்லில் பகல் ஷிப்ட் போகிறவருக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை. காட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்குக் கூலி 350 ரூபாய் போச்சு. இலவச மாத்திரைக்கு 350 ரூபாய் கொடுக்கிறார் என்று அர்த்தம். சாயங்காலம் தனியார் கிளினிக்கில் 200 ரூபாய் ஃபீஸ் கொடுத்துப் பார்த்தால் அவருக்கு அதுதான் மலிவு. அவர் கணக்கில் தப்பே இல்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த இடத்தைத்தான் தொட்டது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்துச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஐ.நா. விருது போன வருடம் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு வரும் அக்கா தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு, வெயிலில் நடந்தே வருவார். முதல் முறை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த முதல் நாள் கூலிதான் பலரைத் தடுக்கிறது.

அப்பாவைப் பற்றிப் பாதியில் விட்டேன். அட்டையை ஒரே ஒரு முறை வெளியே எடுத்தோம் என்றேனே, அது 2022-இல் பக்கவாதம் வந்து சேர்த்தபோது. நாலு நாள். காப்பீட்டில்தான் பார்த்தார்கள், எங்களிடம் பணம் கேட்கவில்லை. அவர் போன பிறகு அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய அல்வா டப்பா கிடைத்தது. உள்ளே பாதியாக உடைத்த மாத்திரைகள், நாற்பது ஐம்பது இருக்கும், ஓரம் மாவு மாவாக உதிர்ந்து. மாசக் கடைசியில் பாதி போட்டுப் பாதியை அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார். மகன் கடையில் வாங்கி வருகிறான், அவன் கைச்செலவு ஏறக் கூடாது என்று.

பிரஷர் மாத்திரையைப் பாதி போட்டதால்தான் பக்கவாதம் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார். ஆனால் அந்த நாலு நாளுக்கு அரசு கட்டிய பணத்தில் அவர் ஆயுசுக்கும் அந்த மாத்திரையை அரசு விலையில் வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

20 ஜனவரி

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. மேலே பேசலாம்.

21 ஜனவரி

எல்லாருக்கும் அட்டை கொடுத்துச் சாதித்த நாடு என்று தாய்லாந்தை எடுத்துக்கொண்டு வந்தவருக்கு: அந்த உதாரணம் எனக்குச் சாதகம் என்றே படுகிறது. 2001-இல் தொடங்கி அடுத்த வருடத்துக்குள் நாடு முழுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு தடவைக்கு 30 பாட் (அந்த நாட்டுப் பணம்) கொடுத்தால் போதும் என்று கொண்டு வந்தார்கள். எல்லாரும் அந்த 30 பாட்டைத்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் முப்பது வருடம் படித்து முடித்த டாக்டர்களைக் கட்டாயமாகக் கிராமத்துக்கு அனுப்பி, மாவட்டம் மாவட்டமாகச் சின்ன ஆஸ்பத்திரிகளைக் கட்டி வைத்திருந்தார்கள். சங்குவான் நித்தியாரம்போங் என்ற மருத்துவர் இதற்காகவே உழைத்தவர், அவரும் கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்தான். ஆஸ்பத்திரி முதலில் ஊருக்குள் வந்தது, அட்டை பிறகு வந்தது.

பணம் கொடுத்த விதமும் வேறு. ஒரு வட்டார ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், தலைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். ஆள் நோயில்லாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு நல்லது. நம் முறையில் ஆபரேஷன் நடந்தால்தான் பில் எழுத முடியும். எழுத முடிகிற வேலைதான் அதிகம் நடக்கும், இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

27 ஜனவரி

நேற்று குடியரசு தினக் கிராம சபை. மனு எழுதிக்கொண்டு போனேன். வாரத்தில் ஒரு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலை ஓ.பி. வேண்டும், நகரத்தில் இருக்கிற மாதிரி. ரோடு, சாக்கடை, தெருவிளக்கு பேசி முடியவே ஒன்றரை மணி நேரம். என் முறை வந்தபோது பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். வாசித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "சாயங்காலம் வெச்சா நானும் வருவேன்யா, காலைல ஆடு கெடக்கு" என்றார். ஊராட்சிச் செயலர் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார். சுகாதார ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பேர் வருவாங்க?" என்னிடம் பதில் இல்லை.

2 பிப்ரவரி

மத்திய பட்ஜெட்டில் 36 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சுங்க வரியை முழுக்க எடுத்திருக்கிறார்கள், மாவட்ட ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்குப் பகல்நேர சிகிச்சை மையம் வைப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். கீமோவுக்காக விடிகாலை பஸ் பிடித்து மதுரைக்குப் போய் நள்ளிரவில் திரும்புகிறவர்களை எனக்குத் தெரியும், அது நடந்தால் பெரிய விஷயம்.

"பணம் எங்கே இருக்கிறது" என்று கேட்டவருக்கு. 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் அரசுச் செலவை 2025-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று எழுதினார்கள். இதுதான் அந்த 2025. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம், அதுவும் கொரோனா வருடத்துக் கணக்கு. ஆனால் மக்கள் சொந்தக் கையிலிருந்து போடும் பங்கு 2013-14-இல் மொத்த மருத்துவச் செலவில் 64 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2021-22-இல் 39.4-க்கு வந்திருக்கிறது. எதுவுமே மாறவில்லை என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மாறியிருக்கிறது. இன்னும் நூற்றுக்கு முப்பத்தொன்பது ரூபாய் நோய் வந்தவன் பையிலிருந்துதான் போகிறது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

14 பிப்ரவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன். என் பெரியம்மா மகனுக்கு 2009-இல் ரத்தப் புற்றுநோய், நாள்பட்ட வகை. தினம் ஒரு மாத்திரை, இமாட்டினிப். அந்த மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியின் பிராண்டு என்றால் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல், இங்கே தயாரான ஜெனரிக் பத்தாயிரத்துக்குள். அந்தக் கம்பெனிக்குக் காப்புரிமை (வேறு யாரும் தயாரிக்கக் கூடாது என்ற உரிமை) கிடைத்திருந்தால் ஜெனரிக் நின்றிருக்கும். அந்த விண்ணப்பத்தை 2006-இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போய் 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றி, குணமாக்கும் திறன் கூடாமல், புதுக் காப்புரிமை கேட்க முடியாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. அதை நீதிமன்றம் தூக்கிப் பிடித்தது.

அண்ணன் இப்போது டிராக்டர் ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ. 3(டி) என்றால் அவருக்கு என்னவென்று தெரியாது, மாத்திரை நேரம் மட்டும் தவறாது. ஒரு நாட்டின் மருத்துவச் செலவு ஆஸ்பத்திரியில் மட்டும் தீர்மானமாவதில்லை, சட்டப் புத்தகத்தில் ஒரு உட்பிரிவிலும் தீர்மானமாகிறது. அதனால்தான் வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை என்று செய்தி வந்தால் நான் உட்கார்ந்து படிக்கிறேன்.

25 பிப்ரவரி

நேற்று மாநில அரசு மலிவு விலை மருந்துக்காக முதல்வர் மருந்தகம் என்று ஆயிரம் கடைகள் திறந்தார்கள். 2008-இலிருந்து இருக்கிற மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தோடு இது இன்னொன்று. என்னோடு கடையில் வேலை பார்த்த தம்பி ஒருவன் இந்தக் கடை வைக்க மானியம் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறான், டி.ஃபார்ம் படித்தவன். நான் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: கடையில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, தைராய்டு நான்கும் ஒரு நாள்கூட இல்லை என்று ஆகக் கூடாது. ஒரு தடவை இல்லை என்று அனுப்பினால் அந்த ஆள் பழைய கடைக்கே போய்விடுவார், அப்புறம் திரும்ப மாட்டார். அரசு ஆஸ்பத்திரிக்கும் இதே கதைதான்.

டாக்டர்கள் சீட்டில் பிராண்டு பெயர் எழுதும் வரை இந்தக் கடைகள் முழுசாகப் பயன்படாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரியாகச் சொன்னார். சீட்டில் பிராண்டு இருக்கும், கடையில் மூலப் பெயர் இருக்கும், நடுவில் வயசானவர் குழம்பி நிற்பார். அந்த இடத்தில் ஒரு பார்மசிஸ்ட் பொறுமையாக இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். நான் என் அப்பாவிடம் செய்யாமல் விட்டது.

9 மார்ச்

ஆய்வாளர் கேட்ட கேள்விக்குப் பதில் தயார் பண்ணினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை. நான், அந்தக் காது கேட்ட குழந்தையின் அப்பா, மக்களைத் தேடி மருத்துவம் அக்கா, மூன்று பேரும் வீடு வீடாகப் போனோம். சர்க்கரையோ பிரஷரோ இருந்து, அரசு மாத்திரை வாங்காமல் காசு கொடுத்தோ, வாங்காமலேயோ இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று.

64 பெயர். அதில் 41 பேர் சொன்ன காரணம் காலை நேரம். 9 பேர் "அந்த மாத்திரை கேக்காது" என்றார்கள், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு அட்டையையும் வைத்துக் காட்டினேன், ஐந்து பேர் சரி என்றார்கள், நாலு பேர் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். 6 பேர் மாத்திரையை உடைத்துப் பாதி பாதியாகப் போடுகிறார்கள். கேட்காமல் யாரும் சொல்லவில்லை, கேட்டால்தான் சொன்னார்கள். மீதிப் பேருக்கு ஆளுக்கொரு காரணம்.

பட்டியலைச் சுகாதார நிலைய டாக்டரிடம் கொடுத்தோம். சின்ன வயசு, வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எழுந்து நின்று வாங்கிப் படித்தார். அந்த ஆறு பெயரை மட்டும் பேனாவால் வட்டம் போட்டு, இவர்களை நாளைக்கே எந்த நேரமானாலும் வரச் சொல்லுங்கள், நான் பார்க்கிறேன் என்றார். மாலை ஓ.பி.யைத் தானாக முடிவு செய்ய முடியாது, வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புகிறேன் என்று நகல் எடுத்துக்கொண்டார்.

ஆறில் நாலு பேர் போய் வந்துவிட்டார்கள். மற்ற இரண்டு பேரை இந்த வியாழக்கிழமை நான் வண்டியில் கூட்டிப் போகிறேன். அலுவலரிடமிருந்து பதில் வந்ததும் எழுதுகிறேன். உங்கள் ஊரில் மாலை ஓ.பி. நடக்கிறது என்றால் என்ன நேரம், எத்தனை டாக்டர், மாத்திரை கவுன்டரும் திறந்திருக்கிறதா என்று போடுங்கள், அங்கே கேட்டால் காட்டுவதற்கு வேண்டும்.